வீட்டு மீன்தொட்டிக்கு ஏற்ற விளக்கு

நீர்வாழ் உயிர்களைக் கண்ணாடித் தொட்டியில் இட்டு வளர்த்துக் கண்டு மகிழும் வழக்கம் இந்நாளில் நம்மவர் இல்லங்களிற் பெருகி வருகின்றது. முற்காலத்தில் செல்வர் மாளிகைகளிலும் அரசினர் காட்சிசாலைகளிலும் மட்டுமே காணக்கிடைத்த இவ்வின்பம் இன்று எளியோர் கூடங்களிலும் புகுந்துள்ளது. புதுவை நகரின் வடபால் வங்கக் கடலை நோக்கி அமைந்த குருசுக்குப்பத்தில், வலையும் படகுமே வாழ்வாகக் கொண்டாருடைய வீடுகளிலும், கப்பியும் பொன்மீனும் துள்ளும் சிறு தொட்டிகளை யாம் கண்டுள்ளோம். கடல்மீனை விலைப்பொருளாகக் கண்டு வளரும் சிறார், தொட்டிமீனைத் தோழனாகக் கண்டு பேணுதல் மகிழ்தற்குரிய காட்சியே.

ஆயினும் ஒரு குறை உண்டு. தொட்டியும் மீனும் வாங்குங்கால் பலமுறை எண்ணிப் பார்ப்போரும், தொட்டியின்மேல் இடும் விளக்கை மட்டும் அதன் நிறத்தழகு ஒன்றே கருதி வாங்கிவிடுகின்றனர். அதனால் விளையும் தீங்கு சிறிதன்று. அதனை யாமே பட்டறிந்தோமாதலின், அப்பட்டறிவையும், அதன் பின்னர்க் கற்றறிந்தவற்றையும் ஈண்டு முறைப்படக் கூறுவாம்.

எமது பிழை

குருசுக்குப்பத்தில் யாம் குடியிருந்த இல்லத்தின் கீழ்ப்புறச் சாளரத்தருகே, இரண்டடி நீளமுள்ள தொட்டி ஒன்றை அமைத்தோம். நீலமும் இளஞ்செம்மையும் கலந்து ஒளிரும் எல்.ஈ.டி. விளக்கு ஒன்றை, விற்றவர் சொல்லையே சான்றாகக் கொண்டு வாங்கி அதன்மேற் பொருத்தினோம். விருந்தினர் கண்டு வியத்தல் வேண்டுமென்னும் ஆசையால் நாடோறும் பதினைந்து மணி நேரம் அவ்விளக்கை எரியவிட்டோம். மூன்றாம் கிழமையில் நீர் பசுமை கொண்டது. பின்னர் ஒருநாள் வைகறையில் மீன்களெல்லாம் நீரின் மேற்பரப்பில் வாய்திறந்து தவித்தல் கண்டோம். எட்டனுள் ஆறு அன்று நண்பகலுக்குள் மடிந்தன. அவற்றுக்குப் பெயரிட்டு நாடோறும் உணவளித்து வந்த எம் வீட்டுச் சிறுமி, "விளக்கு நன்றாகத்தானே எரிந்தது, பின் ஏன் செத்தன?" என்று வினவினாள். அவ்வினாவுக்கு விடைகூற அன்று எம்மால் இயலவில்லை. இக்கட்டுரை ஒருவகையில் அவ்வினாவின் விடையேயாம்.

காரணம் இதுவே. காலைக் கதிரவனின் நேரொளியும் விளக்கின் நெடுநேர ஒளியும் கூடி, நீரில் மிதக்கும் நுண்பாசியை அளவின்றிப் பெருக்கின. பாசி பகலிற் பிராணவாயுவை வெளிவிடும். இரவிலோ தானும் உயிர்த்து அதனை உட்கொள்ளும். ஆதலின் பாசி மிக்க நீரில் வைகறைப்போதில் பிராணவாயு மிகவும் குறைந்துபோம். அன்றியும், வெப்பம் மிகுந்த நீர் அவ்வாயுவைக் குறைவாகவே தாங்கும். 20 பாகை வெப்பமுள்ள நன்னீர் ஒரு லிட்டரில் ஏறக்குறைய 9 மில்லிகிராம் பிராணவாயுவைக் கரைத்து வைத்திருக்கும்; 30 பாகையிலோ அது ஏறக்குறைய 7½ மில்லிகிராமாகக் குறையும். நம் கடற்கரை ஊரின் கோடையில் இவ்விரண்டாம் நிலையே பெரும்பாலும் அமைவது. எனவே எம் மீன்களைக் கொன்றது விளக்கன்று. விளக்கைப் பற்றிய எம் அறியாமையே.

தொட்டியும் ஒளியும்: சிறு வரலாறு

பசிய இலைகள் ஒளியிருந்தாலன்றிப் பிராணவாயுவை வெளிவிடா என்னும் உண்மையை 1779-ஆம் ஆண்டில் இங்கென்ஹவுஸ் என்பார் வெளியிட்டார். பிரெஞ்சு நாட்டு இயற்கைநூற் புலமையாட்டியாகிய ழான் வில்புரு-பவர் என்னும் அம்மையார், கடல்வாழ் உயிர்களை உயிருடன் வைத்து ஆராயும்பொருட்டு 1832-இல் கண்ணாடித் தொட்டிகளை அமைத்தார். செடியும் மீனும் ஒரே தொட்டியில் ஒன்றையொன்று தாங்கி வாழ்தல் கூடும் என்பதை 1850-இல் வாரிங்டன் என்பார் காட்டினார். 1853-இல் இலண்டன் ரீசன்ட்ஸ் பூங்காவில் பொதுமக்களுக்கென மீன் காட்சிசாலை ஒன்று திறக்கப்பெற்றது. நம் நாட்டில், அருங்காட்சியகத் தலைவராயிருந்த எட்கார் தர்ஸ்டன் அவர்களின் முயற்சியால் சென்னைக் கடற்கரையில் 1909-இல் மீன் காட்சிசாலை எழுந்தது. அக்கட்டடம் இன்று இல்லை. புதுவையிலோ, 1826-இல் தொடங்கப்பெற்ற தாவரவியற் பூங்காவினுள் மீன் காட்சியகம் ஒன்றும் பிற்காலத்தில் அமைக்கப்பெற்றது.

இக்காட்சிசாலைகளின் தொடக்க நாளில் கதிரவனொளியே பெருந்துணை. பின்னர் இழைவிளக்கும், அதன்பின் குழல்விளக்கும் வந்தன. இழைவிளக்கு தான் கொள்ளும் மின்னாற்றலில் பத்தில் ஒன்பது பங்கினை வெப்பமாகவே கழித்துவிடும். அதனால் தொட்டி நீரும் சூடேறும். குழல்விளக்கு அக்குறையைப் பெரிதும் தீர்த்தது. ஆயினும் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறச்செய்வது, எளிதில் உடைவது, பாதரசத்தை உள்ளடக்கியது.

எல்.ஈ.டி. என்பது யாது?

ஒளியுமிழ் டயோடு என்பதன் சுருக்கமே எல்.ஈ.டி. குறைகடத்திப் பொருளின் இரு பகுதிகள் கூடும் எல்லையில் மின்னோட்டம் பாயுங்கால் அவ்விடத்தே ஒளி பிறக்கும். இவ்வகை ஒளியை 1907-இல் எச். ஜே. ரவுண்டு என்பார் முதலிற் குறித்தார். கண்ணுக்குப் புலனாகும் செவ்வொளி தரும் டயோடினை 1962-இல் நிக் ஹோலன்யாக் ஆக்கினார். செம்மையும் பசுமையும் கிடைத்த பின்னரும் நீலம் நெடுங்காலம் கைகூடவில்லை. சப்பான் நாட்டினராகிய அகாசாக்கி, அமானோ, நாகமுரா ஆகிய மூவரின் உழைப்பால் 1990-களின் தொடக்கத்தில் பேரொளி தரும் நீல டயோடு பிறந்தது. அதன்பொருட்டு 2014-ஆம் ஆண்டின் பௌதிக நோபெற் பரிசு அம்மூவருக்கும் வழங்கப்பெற்றது.

நீலம் ஏன் இத்துணைச் சிறப்புடையதெனின், இன்று நாம் வெண்ணிற எல்.ஈ.டி. என்று வழங்குவது பெரும்பாலும் நீல டயோடின்மேல் மஞ்சளொளி உமிழும் பாசுபரப் பூச்சு இட்டதேயாம். நீலமும் மஞ்சளும் கலந்து நம் கண்ணுக்கு வெண்மையாகத் தோன்றுகின்றன. இவ்வமைப்பை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். விளக்கின் நிறையும் குறையும் இதனின்றே பிறத்தலின்.

நம் புதுவைக்கு இவ்விளக்கின் வரலாற்றில் ஓரிடம் உண்டென்பது பலரறியார். வீடுகளுக்குக் குறைந்த விலையில் எல்.ஈ.டி. விளக்கு வழங்கும் திட்டத்தை ஈ.ஈ.எஸ்.எல். என்னும் பொதுத்துறை நிறுவனம் 2014-இல் புதுச்சேரியில்தான் தொடங்கிற்று. 2015 சனவரித் திங்களில் அது நாடளாவிய திட்டமாகி, பின்னர் உஜாலா என்னும் பெயர் பெற்றது. ஆகவே எல்.ஈ.டி. நம் ஊராருக்குப் புதிதன்று. அதனைத் தொட்டிக்கேற்பத் தேர்ந்தெடுக்கும் முறையே புதிது.

முதலாவது: ஒளியின் நிறம்

இலைகளுக்குப் பசுமை தரும் பொருளைப் பிரித்தெடுத்து 1817-இல் அதற்குக் குளோரோபில் எனப் பெயரிட்டோர் பெல்லெத்தியே, காவந்து என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர். அப்பொருள் நீலத்தையும் செம்மையையும் மிகுதியாகக் கொள்ளும். இதனை 1882-இல் எங்கல்மன் என்பார் அழகியதோர் ஆய்வினால் விளக்கினார். நீர்ப்பாசி இழையொன்றின்மேல் வானவில்லின் நிறங்களை வரிசையாக விழச்செய்து, பிராணவாயுவை நாடிச் செல்லும் நுண்ணுயிர்களை அந்நீரில் இட்டார். அவை செம்மையும் நீலமும் விழுந்த இடங்களிலே வந்து குழுமின. அவ்விடங்களிலேயே பாசி மிகுதியாகத் தொழிற்பட்டது என்பது தெற்றென விளங்கிற்று.

இதனைக் கேட்டார் சிலர், "அங்ஙனமாயின் நீலமும் செம்மையும் மட்டுமே உமிழும் விளக்குப் போதாதோ?" என வினவுவர். செடி வளர்தற்கு அது ஓரளவு உதவும். ஆயின் அவ்வொளியில் மீனின் இயல்நிறம் தோன்றாது, செடியின் வாட்டமும் நீரின் கலங்கலும் கண்ணிற் படா. நோயை மறைக்கும் விளக்கு வளர்ப்போனுக்குப் பகையே. தவிரவும், முழு நீல விளக்குகள் கடற்பவளம் வளர்ப்பார்க்கென அமைந்தவை. கடல்நீர் செம்மையை விரைவில் உறிஞ்சிவிடுதலின், ஆழத்தில் வாழும் பவளங்கள் நீலவொளிக்குப் பழகியுள்ளன. 1921-இல் ஐரோப்பாவுக்குக் கடற்பயணம் மேற்கொண்ட சர். சி. வி. இராமன் அவர்கள், கடலின் நீலம் வானின் நிழலன்று, நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச்செய்வதன் பயன் என ஆராய்ந்து உரைத்தார். செம்மையை நீர் உட்கொள்ளுதலும் அந்நீலத்திற்குத் துணையாவதே. ஆயின் ஓரடி ஆழமுள்ள நம் தொட்டியில், தெளிந்த நீர் செவ்வொளியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கையே குறைக்கும். ஆதலின் கடலின் நியாயம் நன்னீர்த் தொட்டிக்குப் பொருந்தாது.

நன்னீர்த் தொட்டிக்கு ஏற்றது பகலொளியை ஒத்த வெண்மையேயாம். விளக்கின் உறையில் கெல்வின் என்னும் அளவு குறிக்கப்பெற்றிருக்கும். 2700 கெல்வின் மஞ்சள் தோய்ந்தது. 6500 கெல்வின் பகலொளியை ஒத்தது. இவ்விரண்டாவதை, அல்லது அதனையடுத்த அளவைத் தேர்க. அதனோடு நிறம் காட்டும் திறனைக் குறிக்கும் சி.ஆர்.ஐ. என்னும் எண்ணையும் நோக்குக. நூற்றுக்கு 80 தாழ்ந்த எல்லை, 90 சிறந்தது. நீல டயோடினின்று பிறந்த வெண்மையில் ஆழ்ந்த செம்மை குறைவாதலின், எண் குறைந்த விளக்கின்கீழ்ப் பொன்மீன் வெளிறித் தோன்றும். வெண்மையோடு சில செவ்வொளி டயோடுகளும் கூட்டியமைத்த விளக்குகள் இக்குறையைத் தீர்க்கும்.

இரண்டாவது: ஒளியின் அளவு

வாட் என்பது விளக்குக் கொள்ளும் மின்னாற்றலின் அளவேயன்றி ஒளியின் அளவன்று. ஒளியை அளப்பது லூமன். அதுவும் மனிதர் கண்ணின் உணர்ச்சிக்கேற்ப வகுக்கப்பெற்றது. செடிக்கு உதவும் ஒளியை அளக்கப் பார் எனப்படும் வேறோர் அளவு உண்டு. 400 முதல் 700 நானோமீட்டர் அலைநீளத்துள் அடங்கும் ஒளியை அது குறிக்கும். உயர்ந்த விளக்குகளைச் செய்வோர் அதனையும் அச்சிட்டுத் தருகின்றனர். அது கிடையாதவிடத்து, வெண்ணிற விளக்குகளைப் பொறுத்தவரை, லூமனைக் கொண்டு வளர்ப்போர் வழங்கும் தோராயக் கணக்கே போதியது.

செடியின்றி மீன் மட்டும் வாழும் தொட்டிக்கு, காண்பதற்கு வேண்டிய ஒளியே போதும். லிட்டருக்கு 10 லூமன் மிகையே. அனுபியாஸ், ஜாவாப் பெரணி, நம் தென்னாட்டு ஆறுகளிலும் தானே வளரும் கிரிப்டோகோரைன் முதலிய நிழல் பொறுக்கும் செடிகளுக்கு லிட்டருக்கு 10 முதல் 20 வரை. வாலிஸ்னீரியா, ஹைட்ரில்லா முதலியவற்றிற்கு 20 முதல் 40 வரை. தரைபடரும் சிறு செடிகளுக்கு அதற்கும் மேல்.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்பாம். 60 சென்டிமீட்டர் நீளமும், 30 அகலமும், 30 உயரமும் உள்ள தொட்டியின் கொள்ளளவு 54 லிட்டர். மணலும் மேல்வெற்றிடமும் போக நீர் ஏறக்குறைய 45 லிட்டர். லிட்டருக்கு 20 லூமன் எனக் கொள்ளின் 900 லூமன் வேண்டும். வாட்டுக்கு 100 லூமன் தரும் விளக்காயின் 9 வாட் போதியது. நாளொன்றுக்கு 8 மணி நேரம் எரியின் திங்களுக்கு ஏறக்குறைய 2.2 அலகு மின்சாரமே செலவாகும். 60 வாட் இழைவிளக்கு இதனினும் குறைந்த ஒளி தந்து 14.4 அலகு உண்ணும்.

ஒளி மிகுதலே நன்மை என்று எண்ணற்க. செடியின் வளர்ச்சியை, வேண்டுவனவற்றுள் எது மிகக் குறைந்துள்ளதோ அதுவே தடுத்து நிறுத்தும் என்பதை 1905-இல் பிளாக்மன் என்னும் அறிஞர் விளக்கினார். கரியமிலவாயுவும் சத்தும் குறைந்த தொட்டியில் ஒளியை மட்டும் இரட்டித்தால், செடி அதனைப் பயன்கொள்ளாது. எஞ்சிய ஒளி பாசிக்கே இரையாகும். ஆதலின் ஒளியைக் குறைத்தற்கு ஏற்ற திருகுடைய விளக்கு விரும்பத்தக்கது. மிகுந்த ஒளியைக் குறைத்தல் எளிது, குறைந்ததை மிகுத்தல் இயலாது.

ஒளி பரவும் முறையும் கருதற்பாலது. நம் கடற்கரையில் 1836-இல் ஏற்றப்பெற்று 1979 வரை ஒளிர்ந்த பழைய கலங்கரை விளக்கத்தின் ஒளி நெடுந்தொலைவு செல்லுதல் வேண்டும். தொட்டி விளக்கின் ஒளியோ நேர்கீழே அகன்று விழுதல் வேண்டும். ஓரடி ஆழத்திற்கு 120 பாகை விரிவுடைய விளக்குப் பொருந்தும். ஆழம் மிக்க தொட்டிக்கே குவிவில்லை இட்ட விளக்கு வேண்டும். விளக்கின் நீளம் தொட்டியின் நீளத்தோடு ஒத்திருத்தல் நன்று. மேல்மூடிக் கண்ணாடியில் உப்புப் படியின் ஒளி பெரிதும் குன்றுமாதலின், அதனைக் கிழமைதோறும் துடைத்தல் வேண்டும்.

மூன்றாவது: ஒளியின் நேரம்

தொட்டியில் வளரும் மீன்களிற் பெரும்பாலானவற்றிற்குக் கண்ணிமை இல்லை. ஒளியை மறைத்து உறங்க அவை அறியா. நாம் தரும் இருளே அவற்றின் இமை. இவ்வொன்றை உணர்ந்தோர் நள்ளிரவில் தொட்டியை ஒளிரவிடார். புதிதாக அமைத்த தொட்டிக்கு நாளொன்றுக்கு 6 மணியும், செடி வேரூன்றியபின் 8 மணியும் ஒளி போதும். சிறுவிலைக்குக் கிடைக்கும் நேரக்காட்டி மின்விசை ஒன்றைப் பொருத்தின், நம் மறதி மீனைத் துன்புறுத்தாது. இருண்ட அறையில் திடீரென விளக்கை ஏற்றின் மீன்கள் அஞ்சிச் சிதறும். முதலில் அறைவிளக்கை ஏற்றிச் சிறிது பொழுது கழித்துத் தொட்டி விளக்கை ஏற்றுக. அமேசான் நாட்டின் கருநீர் ஓடைகளில் தோன்றிய நியான் டெட்ரா முதலிய மீன்கள் மங்கிய ஒளியையே விரும்புவன. அவற்றுக்கு மிதவைச் செடிகளால் நிழல் அமைத்தல் தகும். கீழ்த்திசைச் சாளரத்தின் நேர்வெயில் படாதவாறு தொட்டியை வைத்தலும் நம்மூரார் மறவாதிருத்தற்குரியது.

நான்காவது: உறுதியும் காப்பும்

கடலோர ஊர்களுக்கென ஓர் எச்சரிக்கை உண்டு. குருசுக்குப்பம் போன்ற இடங்களில் காற்றே உப்பைச் சுமந்து வருவது. இரும்புத் திருகும் பூச்சற்ற செப்பு முனையும் விரைவில் அரிக்கப்படும். ஆதலின் பூச்சிட்ட அலுமினிய உடலும், பிசினால் அடைத்த இணைப்புகளும் உடைய விளக்கையே தேர்க. ஐ.பி. என்று தொடங்கும் குறியில் முதலெண் தூசித்தடையையும் இரண்டாமெண் நீர்த்தடையையும் குறிக்கும். 65 என்பது பீறிட்டு வரும் நீரைத் தாங்கும். 67 என்பது ஒரு மீட்டர் ஆழத்தில் அரைமணி மூழ்கினும் தாங்கும். ஆயினும் இவ்வெண் உப்பரிப்பைத் தாங்கும் திறனைக் கூறுவதன்று.

எல்.ஈ.டி. சூடேறாதென்பது தவறான எண்ணம். அதன் வெப்பம் ஒளியோடு கீழே வாராது பின்புறத்தே தங்கும். அப்புறத்தில் காற்றோட்டம் இல்லையெனின் டயோடு விரைவில் மங்கும். விற்போர் கூறும் 25,000 மணி என்பது பெரும்பாலும் ஒளி நூற்றுக்கு எழுபதாகக் குறையும் வரையுள்ள காலமேயாம். நாள் 8 மணி என்னுங் கணக்கில் அது எட்டாண்டுக்கு மேலாகும். ஆயினும் டயோடு கெடுமுன்னர் அதற்கு மின்சாரம் தரும் டிரைவர் என்னும் கருவியே பெரும்பாலும் கெடுகின்றது. விளக்கின் ஒளியைக் கைப்பேசியின் ஒளிப்படக் கருவியால் நோக்குக. கரும்பட்டைகள் ஓடக்கண்டால் ஒளி நடுங்குகின்றது, டிரைவர் தாழ்ந்தது என்று அறிக.

எல்லாவற்றினும் தலையாயது உயிர்க்காப்பு. 230 வோல்ட் மின்சாரமும் நீரும் அருகருகே இருத்தல் தீயோடு விளையாடுதலை ஒக்கும். ஆதலின் 12 அல்லது 24 வோல்ட்டில் எரியும் விளக்கையும், இந்தியத் தர நிறுவனத்தின் பதிவுக்குறி பொறித்த மின்மாற்றுக் கருவியையும் கொள்க. அக்கருவி தொட்டிக்கு வெளியே, நீர் தெறிக்காத இடத்தில் இருத்தல் வேண்டும். மின்வடம் செருகுமிடத்திற்குக் கீழே ஒருமுறை தாழ்ந்து வளைந்து மேலேறுமாறு விடின், வடத்தின் வழியே வடியும் நீர் அவ்வளைவிலே சொட்டிப்போம், செருகியினுள் புகாது. வீட்டு மின்பலகையில் 30 மில்லியாம்பியர் கசிவுக்கே அறுந்து காக்கும் கருவி அமைத்தல் கடமை. நீரிற் கையிடுமுன் தொட்டியைச் சார்ந்த எல்லா மின்னிணைப்பையும் அணைத்தல் வேண்டுமென்று சிறார்க்குப் பழக்குக.

முடிபு

கூறியவற்றைத் தொகுத்துரைப்பாம். முதலில் தொட்டியுள் வாழ்வன எவை என்று அறிக. பின்னர் நீரின் அளவைக் கணக்கிடுக. அதற்கேற்ற லூமனும், 6500 கெல்வினும், 90-ஐ அடுத்த சி.ஆர்.ஐ. எண்ணும் உடைய விளக்கைத் தேடுக. அதன் உடலையும் டிரைவரையும் சோதித்து வாங்குக. எட்டு மணிக்கு மேல் எரியவிடற்க. கண்ணைப் பறிக்கும் நிறத்தையும் விற்போர் சொல்லையும் இறுதியிற் கருதுக.

எஞ்சிய இரு மீன்களையும் யாம் இம்முறையே பேணினோம். தொட்டியைச் சாளரத்தினின்று உள்ளறைக்கு மாற்றி, 9 வாட் வெண்ணிற விளக்கையும் நேரக்காட்டியையும் அமைத்தோம். திங்கள் இரண்டனுள் நீர் தெளிந்தது. அச்சிறுமியே இன்று மாலைதோறும் விளக்கு அணையும் நேரத்தைக் காத்திருந்து, "அவை உறங்கட்டும்" என்று எம்மை அவ்வறையினின்று அகற்றுகின்றாள். படைப்பின் தொடக்கத்தில் ஒளியோடு இருளும் வகுக்கப்பெற்றதன் பொருளை, நூல்களினும் தெளிவாக அவள் அத்தொட்டியிடம் கற்றாள் போலும். நம் பொறுப்பில் அடைபட்ட உயிர் தன் குறையை வாய்விட்டு உரைக்கமாட்டாது; அதனை அறிந்து தீர்த்தல் கற்றவர் கடனாம்.